மலையடிவாரத்தில் ஒரு கொட்டாய்

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் வழியாக ஊத்தங்கரைப் பக்கம் போகிறவர்கள், சிங்காரப்பேட்டை தாண்டியதும் பெயர்ப் பலகைகளைக் கவனிக்கலாம். 'கொட்டாய்' என்று முடியும் ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். ஊருக்குள் தெருவில் குடியிருக்காமல், தன் கொல்லையிலேயே கிணற்றை ஒட்டி ஒரு குடும்பம் போட்டுக்கொண்ட வீடுதான் கொட்டாய். வடாற்காட்டுப் பேச்சில் கொல்லை என்றால் விளைநிலம். வீட்டுக்கு முன் களம், பக்கத்தில் மாட்டுத் தொழுவம், வைக்கோல் போர், ஒரு முருங்கை, நாலு தென்னை. பிள்ளைகள் பெருகப் பெருக ஒரு கொட்டாய் மூன்று நான்கு வீடுகளாகும். பிறகு முதலில் குடியேறியவர் பெயரே ஊர்ப் பெயராகிவிடும்.

பதினைந்து இருபது ஆண்டுகளாகத் தமிழ் இளைஞர்கள் பலர் 'தற்சார்பு வாழ்க்கை' என்று தேடிப் போவது ஏறக்குறைய இந்தக் கொட்டாயைத்தான். சென்னையிலும் பெங்களூரிலும் கணினி நிறுவன வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலையைச் சுற்றி ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ குடியேறுகிறார்கள். மலைக்காக வந்து, அப்படியே மண்ணில் கை வைத்துவிட்டவர்களும் உண்டு. சிலர் நிலைத்துவிட்டார்கள். பலர் இரண்டு மூன்று கோடைகளைப் பார்த்துவிட்டு நகரத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

திரும்பியவர்களிடம் கேட்டால் தண்ணீர், வேலையாள், மயில், காட்டுப்பன்றி என்று காரணம் வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் கைவைத்தியம் கண்டு வைத்திருக்கிறார்கள். வீட்டார் ஒப்பவில்லை என்பதற்குக் கைவைத்தியம் கிடையாது. தற்சார்பு முயற்சி நிலைப்பதும் குலைவதும் பெரும்பாலும் அங்கேதான். இதற்குத் திருவண்ணாமலையிலேயே நூறாண்டு கடந்த சான்று ஒன்று இருக்கிறது. ஆன்மிகக் கதையாக மட்டுமே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால், அது ஓர் அடுப்பின் கதையும்கூட என்பது நம் கண்ணில் படுவதில்லை.

1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், அண்ணனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கொடுத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியோடு ஒரு கடிதமும் வைத்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பினான். செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் கோயிலை அடைந்தான். குடும்பம் தேடாமல் இருக்கவில்லை. 1898-இல் சித்தப்பா நெல்லையப்பய்யர் குருமூர்த்தத்துக்கு அருகே மாந்தோப்பில் கண்டுபிடித்து அழைத்தார், வரவில்லை. அதே ஆண்டு இறுதியில் தாய் அழகம்மாள் மூத்த மகனோடு பவழக்குன்றுக்கு வந்து நாள்கணக்கில் அழுதார். மௌனமாக இருந்த மகன், நடப்பது நடந்தே தீரும் என்ற பொருளில் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். தாய் திரும்பிப் போனார்.

வீட்டைவிட்டுப் போகிற எல்லாக் கதைகளும் இங்கே முடிந்துவிடும். பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட இந்தப் பையனின் கதை முடியவில்லை.

1899 முதல் அவர் விரூபாட்ச குகையில் இருந்தார். அங்கே கோடையில் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் கடுமை. அதனால் கோடை வந்தால் முலைப்பால் தீர்த்தத்தை ஒட்டிய மாமரத்துக் குகைக்கு இறங்கிவிடுவார்கள். ஊருக்குள் போய்ப் பிச்சை எடுத்து வருவதே உணவு. கிழிந்த துணியைத் தைக்க ஊசி இல்லாதபோது முள்ளில் துளை போட்டு, அந்தத் துணியிலிருந்தே நூலை உருவித் தைத்தார் என்ற செய்தி பலரும் அறிந்தது. இது பற்றில்லாத வாழ்க்கைதான். தற்சார்பு என்று சொல்ல முடியாது. சோறு ஊரின் அடுப்பிலிருந்து வந்தது.

கந்தசாமி என்ற அடியவர் அங்கேதான் ஒரு வேலையைக் கையில் எடுத்தார். குகைக்கு மேலே கள்ளி மண்டிக் கிடந்த சரிவை ஆண்டுக்கணக்கில் வெட்டித் திருத்தினார். கல் அடுக்கிச் சமன்படுத்தினார், தென்னை நட்டார், குடிலுக்கு இடம் அமைத்தார். அருகில் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. இன்று மலையேறிக் கந்தாசிரமம் பார்க்கிறவர்கள் மர நிழலில் உட்கார்ந்து ஊரையும் கோபுரங்களையும் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த நிழலுக்கு அடியில் இருப்பது ஒரு மனிதர் சரிவில் மண்ணைத் தேக்கிய உழைப்பு. அவர் பெயரைத்தான் அந்த இடம் தாங்கி நிற்கிறது.

1916-இல் அழகம்மாள் மகனோடு இருந்துவிட வந்தார். ஏறக்குறைய அதே சமயம் இருப்பிடம் கந்தாசிரமத்துக்கு மாறியது. மூத்த மகன் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். இளைய மகன் நாகசுந்தரமும் பின்னால் வந்து சேர்ந்து துறவு பூண்டார். அடுப்பு மூட்டியது தாய்தான். சமைக்கத் தொடங்கியதும் பாத்திரம் வேண்டியிருந்தது, பருப்பு வேண்டியிருந்தது, பருப்பு வந்ததும் ஊறுகாய் வேண்டியிருந்தது. மகன் இதைச் சொல்லிக் கேலி செய்ததை ஆசிரம நினைவுக் குறிப்புகள் பதிந்திருக்கின்றன. அப்பளம் இட ஒரு கை கொடுக்கும்படி தாய் கேட்டபோது, உளுந்தும் பிரண்டைச் சாறும் மிளகும் உப்பும் ஒவ்வொன்றும் ஒரு தத்துவமாக நிற்கும் 'அப்பளப் பாட்டு' பிறந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் மகனை வீட்டுக்கு அழைத்துப் போக முடியாத தாய், இப்போது வீட்டை மகன் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

1922 மே 19 அன்று அழகம்மாள் காலமானார். மலையடிவாரத்தில் அவர் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் எழுந்தது. அதை நிர்வகித்தவர் தம்பி. 1926-இல் ஒருவர் ஒரு பசுவையும் கன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். பசுவை வைத்துப் பராமரிக்க அங்கே வசதியில்லை, யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. கொஞ்ச காலம் ஊருக்குள் ஒருவர் வீட்டில் கட்டி வைத்தார்கள். இலட்சுமி என்ற அந்தக் கன்று காலையில் தானாக ஆசிரமத்துக்கு நடந்து வந்து, பகல் முழுக்க இருந்துவிட்டு, மாலையில் ஊருக்குத் திரும்பிப் போகும். பின்னால் கோசாலை கட்டப்பட்டது. 1948 ஜூன் 18 அன்று இலட்சுமி இறந்தபோது அதற்கும் சமாதி வைத்தார்கள். மாடு வாங்குவதற்கு முன் அதற்குத் தண்ணீர் காட்டப் போவது யார் என்று கேட்காத புதுப் பண்ணையாளர்கள் இந்தச் சம்பவத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். மாடு வந்த பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போய் ஓர் இரவு தங்க முடியாது.

ஆசிரமச் சமையற்கட்டில் ரமணர் விடியலுக்கு முன்பே வந்து காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். கீரையை ஆய்ந்து தண்டைத் தூக்கிப்போட விடமாட்டார்; தண்டையும் இடித்துச் சாறெடுத்து ரசத்தில் சேர்க்கச் சொல்வார். தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கி எடுப்பார். எழுதாத துண்டுத் தாள்களைச் சேர்த்துத் தைத்துக் குறிப்பேடு ஆக்குவார். அந்த அடுப்படியில் அவரோடு வேலை செய்தவர்களில் சாந்தம்மாள், சுப்புலட்சுமி அம்மாள், சம்பூர்ணம்மாள் ஆகியோரின் நினைவுகள் நமக்குக் கிடைக்கின்றன. தற்சார்பு என்று இன்று பயிலரங்கு வைத்துச் சொல்லிக்கொடுப்பதில் பாதி, பெயர் வைக்காத வழக்கமாக அங்கே நடந்தது.

ஓர் இடம் அடுப்பும் தொழுவமும் கிணறும் கொண்டு நிலைபெற்றது, குடும்பம் அங்கே வந்து சேர்ந்த பிறகுதான். துறவியின் இருப்பிடத்துக்கே இது பொருந்துமானால், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு ஏக்கரில் இறங்கும் குடித்தனக்காரருக்கு எவ்வளவு பொருந்தும்!

இனிக் கணக்கைப் பார்ப்போம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 35 கிலோ அரிசி என்றால் ஆண்டுக்கு 420 கிலோ. நெல்லில் நூற்றுக்கு 60 முதல் 65 பங்கு அரிசி தேறும். ஆக 700 கிலோ நெல் வேண்டும். பாரம்பரிய ரகம் ஏக்கருக்கு 1,200 கிலோ தந்தாலே அரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான நிலம் ஒரு போகத்தில் சோற்றைத் தந்துவிடும். இந்தப் பக்கத்துப் பயிர் மல்லாட்டை. மற்றவர்கள் நிலக்கடலை என்பது. மாதம் 3 லிட்டர் எண்ணெய்க்கு ஆண்டு முழுதும் ஏறக்குறைய 85 கிலோ பருப்பைச் செக்கில் கொடுத்தால் போதும். அதற்கு 120 கிலோ காய், மானாவாரியில் கால் ஏக்கர். மல்லாட்டைச் சாலுக்கு இடையிலேயே துவரையும் காராமணியும் வந்துவிடும். வரப்பில் ஆமணக்கு, வேலியில் அவரை. கேழ்வரகுக்குக் கொஞ்சம், காய்கறிக்குப் பத்து சென்ட். வயிற்றுக்கு ஒன்றரை ஏக்கர் தாராளம்.

தண்ணீரும் கணக்கில் வரும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் மாவட்டம் இது. ஒரு ஏக்கரின் மேல் 40 லட்சம் லிட்டர் வானத்திலிருந்து இறங்குகிறது. 1,000 சதுர அடிக் கூரை மட்டும் 90,000 லிட்டரைப் பிடித்துக் கொடுக்கும்; நாலு பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர் என்று ஓர் ஆண்டு புழங்க அது போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அடியில் கடினப் பாறை. நீரைத் தேக்கி வைக்கும் மணற்படுகை இல்லை, பாறை வெடிப்புகளில்தான் ஊற்று. இரண்டு பருவத்திலும் பெய்யும் மழையை ஏரிதான் பிடித்து வைத்தாக வேண்டும். மலையிலிருந்து இறங்கும் நீருக்காகவே சமுத்திரம் ஏரியும் வேங்கிக்கால் ஏரியும் வெட்டப்பட்டன. ஏரியும் கால்வாயும் ஊரின் பொதுச் சொத்து. தனி ஒருவர் ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டுத் தற்சார்பு அடைந்தேன் என்று சொன்னால், அது பக்கத்துக் கிணற்றுக்காரரின் தண்ணீர். அதற்கு மோட்டார் வைக்க இலவச வேளாண் மின் இணைப்பு கேட்டுப் பதிந்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நிலுவை அந்த அளவுக்குப் பெருகிப்போய், 2021-இல் ஒரே வீச்சில் 1 லட்சம் புதிய இணைப்புகள் தரும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது.

சோறும் தண்ணீரும் கணக்கில் வந்த பிறகும் வராதது மொய்.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுவீட்டுப் பால்காய்ச்சு. ஆவணியிலும் தையிலும் வாரத்துக்கு இரண்டு அழைப்பிதழ். கடலையும் கத்தரிக்காயும் விளைவித்துச் சாப்பிடுகிற குடும்பத்தின் கையில் ரொக்கம் இருக்காது, மொய் நோட்டோ ரொக்கத்தைத்தான் எழுதிக்கொள்ளும். தாய்மாமன் சீர் என்றால் இன்னும் பெரிது. புதிதாகக் குடியேறியவர்கள் பலர் இங்கேதான் முடிவெடுக்கிறார்கள்: இந்தச் சடங்கெல்லாம் வீண்செலவு, ஒதுங்கிவிடலாம் என்று. அது தவறு. மொய் என்பது ஒரு சமூகம் தனக்குள் வட்டியில்லாமல் சுழலவிடும் கடன். ஒருவருக்குத் தேவை வரும் நாளில் நூறு வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அவரைத் தூக்கிவிடுகின்றன. அதிலிருந்து விலகுகிறவர், அறுப்பு நாளில் உன் கொல்லையில் ஒரு நாள், என் கொல்லையில் ஒரு நாள் என்று மாறி மாறிச் செய்யும் வேலைப் பழக்கத்திலிருந்தும் தானாகவே விலகிவிடுகிறார். பிறகு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்ப நேர்கிறது. மொய்க்கென்று ஓர் ஆடு, நாலு கோழி, அரை ஏக்கர் பூ என்று ஒதுக்கி வைப்பதே கொட்டாய்க்காரர்களின் வழி.

மொய்யைவிட வலிப்பது பெற்றோரின் கேள்வி. "இதுக்காடா உன்ன எஞ்சினியருக்குப் படிக்க வெச்சோம்?" இதைப் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது. கேட்கிறவர் பெரும்பாலும் மண்வெட்டி பிடித்தவர். மல்லாட்டை விலை விழுந்த ஆண்டில் நகையை அடகு வைத்தவர். பிள்ளை அந்தச் சுழலிலிருந்து தப்பித்துவிட்டான் என்று ஊரில் சொல்லி மகிழ்ந்தவர். தன் வாழ்நாள் உழைப்பை மகன் தலைகீழாக்குகிறான் என்றுதான் அவருக்குப் படும். விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குவதும் இதே அனுபவத்தின் நீட்சி. பெண்ணுக்கு அதில் தனிக் கணக்கும் உண்டு. விறகு, தண்ணீர், மாவு அரைப்பது, சாணி அள்ளுவது என்று இயந்திரம் இல்லாத வீட்டில் கூடுகிற வேலை யார் தலையில் விழும் என்பது அவளுக்குத் தெரியும். ஆண் 'எளிய வாழ்வு' என்று அழைப்பது பெண்ணுக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரக் கூடுதல் வேலையாக முடியுமானால், மறுப்பதில் நியாயம் இருக்கிறது. தற்சார்பு பற்றிய தமிழ்ப் பேச்சில் இந்தக் கேள்வி இன்னும் போதிய அளவு எழவில்லை.

அடுத்தது பங்கு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றுதாரரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதை மூன்று பிள்ளைகள் பிரித்தால் ஆளுக்கு அறுபது சென்டைச் சற்றுத் தாண்டும். தமிழ்நாடு 1989-இலேயே பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்கு இணையான பிறப்புரிமை தந்தது. 2005-இல் நாடு முழுதும் வந்தது. நியாயமான சட்டம். ஆனால் நிலத்தை விற்றுப் பணமாகப் பிரிக்க நினைக்கும் அண்ணனும், அதிலேயே வாழ நினைக்கும் தம்பியும், தன் பங்கைக் கேட்கத் தயங்கும் அக்காவும் ஒரே பட்டாவில் இருக்கும்போது எத்தனை இயற்கை உரம் போட்டாலும் அந்த மண்ணில் நிம்மதி விளையாது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரைச் சுற்றி மனைப்பிரிவு பெருகப் பெருக, விற்கச் சொல்லும் குரல் வலுக்கிறது. வெளிநாட்டுக் குடிமக்களும் ஓ.சி.ஐ. அட்டைதாரர்களும் விவசாய நிலம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே மலையடிவாரத்து மண்ணை விற்பதா வைத்துக்கொள்வதா என்பது கடைசியில் உள்ளூர்க் குடும்பங்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டிய ஒன்று.

உலகம் கொண்டாடும் முன்னோடிகளும் இந்தக் குடும்பக் கேள்வியைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் தோரோ 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரைக் குடிலில் குடியேறினார். 28 டாலர் சொச்சத்தில் தானே கட்டியது. தனிமை வாழ்வின் அடையாளமாக அது நின்றுவிட்டது. ஆனால் அந்த நிலம் நண்பர் எமர்சனுடையது. தோரோவின் தாய் வீடும் நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது, அவர் அடிக்கடி போய் வந்தார். இரண்டு ஆண்டு இரண்டு மாதத்தில் குடிலை விட்டுவிட்டார்.

ஜப்பானின் மசனோபு ஃபுகுவோகா கதை இன்னும் நெருக்கமானது. 'ஒற்றை வைக்கோல் புரட்சி' தமிழில் வந்த பிறகு இங்கே அவரை அறியாத இயற்கை விவசாயி இல்லை. யோகோஹாமாவில் தாவர ஆய்வு வேலையை இருபத்தைந்து வயதில் விட்டுவிட்டு ஊர் திரும்பிய அவரை நம்பி, அப்பா ஆரஞ்சுத் தோட்டத்தை ஒப்படைத்தார். இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்று மகன் கவாத்து செய்யாமல் விட்டார். கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சி விழுந்தது, மரங்கள் வரிசையாகக் காய்ந்தன. ஊர்த் தலைவராக இருந்த தந்தை, போய் ஒரு வேலை தேடிக்கொள் என்றார். மகனும் கொச்சி மாநில ஆய்வு நிலையத்தில் போர்க்காலம் முழுக்க வேலை பார்த்தார். போருக்குப் பிறகுதான் ஊர் திரும்பினார். மனிதன் கவாத்து செய்து வளர்த்த மரத்தைத் திடீரென்று விட்டுவிடுவது இயற்கை வேளாண்மை ஆகாது, அது கைவிடுதல் என்று பின்னாளில் அவரே எழுதினார். உலகம் கற்ற அந்தப் பாடத்துக்கு விலையாகப் போனவை தந்தையின் மரங்கள்.

தமிழ்க் குடும்பங்களே வாழ்ந்த ஒரு பண்ணையும் உண்டு. 1910-இல் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் நண்பர் கல்லன்பாக் தன் 1,100 ஏக்கர் நிலத்தைக் கட்டணமின்றி ஒப்படைக்க, காந்தி டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். ஆயிரம் பழ மரங்கள், இரண்டு கிணறு, ஓர் ஊற்று. சிறைக்குப் போன சத்தியாகிரகிகளின் மனைவி மக்களைக் காப்பாற்றவே அந்தப் பண்ணை. அவர்களில் தமிழர் கணிசம். செருப்புத் தைத்தார்கள், தச்சு வேலை செய்தார்கள், மாவு அரைத்தார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் காந்தி. கப்பலிலும் சிறையிலும் போப்பின் கையேட்டை வைத்துக் கற்ற அரைகுறைத் தமிழ் அவருடையது. அந்தப் பண்ணை வெறும் கொள்கையில் தொடங்கவில்லை. வீட்டுத் தலைவன் சிறையில் இருக்கும்போது அடுப்பு எரிய வேண்டும் என்ற அவசரத்தில் தொடங்கியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கே இருப்பதற்குக் காரணம் இருந்தது.

தஞ்சைக்காரரான காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, சபல்பூர்ச் சிறையில் எழுதி 1945-இல் வெளியிட்ட நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் பொருளாதாரங்களை ஐந்து படிகளாக வைத்தார். உறிஞ்சுவது, பறிப்பது, தன் உழைப்பில் பெறுவது, தேனீக்களைப் போலக் கூட்டுக்காக உழைப்பது, கடைசியாகக் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப் பறவையின் படி. தன் கையால் உழைத்துத் தானே உண்பது இதில் மூன்றாம் படிதான். தற்சார்பு பேசுகிறவர்களில் பலர் அதையே உச்சி என்று எண்ணி நின்றுவிடுகிறார்கள். நெல் ஜெயராமன் மேலே ஏறினார். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று வைத்த ஒற்றை விதியில் 174 பாரம்பரிய ரகங்கள் உயிர்பெற்றன. அவர் 2018 டிசம்பரில் மறைந்த பின்னும் அந்த விதைகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

மீண்டும் திருவண்ணாமலைக்கு வருவோம். ஊருக்கு வெளியே கணந்தம்பூண்டியில் 2009-இல் மருதம் பண்ணைப் பள்ளி தொடங்கப்பட்டது. அருண், பூர்ணிமா இணையரும் மலையில் காடு வளர்க்கும் 'தி ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளை நண்பர்களும் சேர்ந்து எழுப்பியது. தற்சார்புக் குடும்பங்களைத் திரும்பிப் போகவைக்கும் முதல் கேள்வி 'பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது?' என்பதுதான். அந்தக் கேள்விக்கு இங்கே மண்ணிலேயே ஒரு பதில் இருக்கிறது. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளும் வெளியிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். பண்ணையில் ரசாயனம் இல்லாமல் விளைகிறது, மதியம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ஆண்டுதோறும் கைவினை வாரம் நடக்கிறது. பள்ளி இருப்பதால் குடும்பங்கள் தங்குகின்றன, குடும்பங்கள் தங்குவதால் பண்ணைக்குக் கை கிடைக்கிறது. ஒரு குடும்பம் தனியாக எத்தனை ஏக்கர் வாங்கினாலும் இதை உண்டாக்க முடியாது.

அறக்கட்டளையின் மலை வேலையையும் சொல்ல வேண்டும். 1980-களின் இறுதியிலேயே அண்ணாமலையில் மரம் நடும் முயற்சி தொடங்கிவிட்டது. அப்போது மலை ஏறக்குறைய மொட்டை. மஞ்சம்புல் மண்டிய சரிவுகளில் கோடையில் தீப்பிடித்தால் நட்ட கன்றெல்லாம் ஒரே மாலையில் சாம்பல். அதனால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் புல்லை அகலமாகச் சீவித் தீத்தடுப்புக் கோடுகள் எடுக்கிறார்கள். புகை தெரிந்தால் இரவென்றும் பாராமல் ஏறுகிறார்கள். விதை பொறுக்கி, நாற்று விட்டு, மழைக்கு முன் குழி எடுத்து வைப்பது ஆண்டு முழுதும் ஓயாத வேலை. அதில் சுற்றுக் கிராமத்துக்காரர்கள் கூலிக்கு உழைக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். அடிவாரத்துக் கிணறுகளில் ஊறும் தண்ணீருக்கும் மேலே வளரும் இந்த மரங்களுக்கும் தொடர்பு உண்டு என்பதை எந்த விவசாயிக்கும் விளக்க வேண்டியதில்லை.

மலையைக் கவனிக்காமல் அடிவாரத்தில் வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பர் 1 காட்டிவிட்டது. ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகருக்கு மேலே சரிவு பெயர்ந்து, பாறையும் மண்ணும் வீட்டின்மேல் விழுந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். சரிவில் குடியேறியவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை. வேறெங்கும் இடம் வாங்க வழியில்லாத எளியவர்கள். மலையடிவாரத்தில் அமைதியாக வாழ நிலம் தேடுகிறவர்கள், அந்தத் தேட்டம் நில விலையை ஏற்றி எளியவர்களை எங்கே தள்ளுகிறது என்பதையும் சேர்த்து யோசிக்கும் கடமை உள்ளவர்கள். பட்டாவும் வரைபடமும் பார்ப்பதோடு, ஓடை எங்கே இறங்குகிறது, ஏரிக்கு நீர் எந்த வழியாகப் போகிறது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு மழை நாளில் நடந்து பார்ப்பது நல்லது.

நிலைத்தவர்கள் எப்படி நிலைத்தார்கள் என்று பார்த்தால் ஒரு பொது வழக்கம் தென்படுகிறது. வேலையை ஒரேயடியாக விடவில்லை. ஒருவர் சம்பளத்தில் இருக்க, மற்றவர் மண்ணில் இறங்கினார். முதல் ஆண்டு மரமும் கீரையும், மாடு மூன்றாம் ஆண்டு. மாவரைக்கும் இயந்திரத்தையும் கேஸ் அடுப்பையும் வீட்டுப் பெண் கேட்டபோது கொள்கை பேசாமல் வாங்கி வைத்தார்கள். அப்பாவிடம் விவாதம் செய்யாமல், விதைப்புக்கு எந்த நாள் சரி என்று அவரையே கேட்டார்கள். முப்பது ஆண்டு மல்லாட்டை போட்டவருக்குச் சொல்ல நிறைய இருந்தது.

ஆனி பிறந்ததும் மானாவாரி விதைப்புக்குப் பருப்பு உடைக்க வேண்டும். இயந்திரத்தில் போட்டால் பருப்பின் மேல்தோல் கிழிந்து முளைப்பு குறையும், அதனால் விதைக்கு மட்டும் இன்றும் கைதான். சாப்பாடு முடிந்த பிறகு திண்ணையில் சாக்கை விரித்துக் காயைக் கொட்டுவார்கள். நுனியில் லேசாகத் தரையில் தட்டி, கட்டை விரலால் அழுத்தினால் பிளக்கும். ஒரு மணி நேரத்தில் விரல் சிவந்துவிடும். சுருங்கிய பருப்பு ஒரு பக்கம், விதைக்கு ஆனது முறத்தில். உடைத்தால் ஒரு பருப்பே இருக்கும் காயைக் கிழவி தனியாகத் தள்ளிவைப்பாள். மருமகள் ஊர்க்கதை சொல்வாள். மகனிடம் கோபித்துக்கொண்டு ஒரு வாரமாகப் பேசாமல் இருந்த அப்பாவும், கை சும்மா இருக்கப் பொறுக்காமல், பேச்சில்லாமலேயே வந்து குந்துவார். பேரப்பிள்ளை உடைப்பதைவிடத் தின்பதே அதிகம்.